தாத்தா வேஷமும் கீழ் செட்டும்

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவு எடுத்து அனுப்புவார். அதை வைத்து லேபில் பல் கட்டிக் கொடுக்கிற டெக்னீஷியன். விருதுநகரில் நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். லேபில் இருக்கிற பிள்ளைகள், "பழைய அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மெழுகு எப்படி உருக்கினோம், பிளாஸ்டர் எப்படிக் குழைத்தோம் என்பதை எழுதி என்ன ஆகப்போகிறது, அவர்கள் என்னைவிட நன்றாகவே செய்கிறார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பிலிருந்து வந்த ஒரு நாடகத்தையும் பற்றி எழுதுகிறேன்.

1. வாசிப்பு

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் வேத பாடம் வாசிப்பவர் பொன்னையா சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். மைக் வருவதற்கு முந்தியே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். மனைவி இறந்துவிட்டார். மகள் எஸ்தரோடு இருந்தார். எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், எனக்கு அக்கா முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் வாசித்தது நீள நீளமான பெயர்கள் வரும் பகுதி. நான் பாடகர் குழுவில், அவருக்கு வலது கைப்பக்கம் நின்றிருந்தேன். நாலாவது பெயரோ ஐந்தாவது பெயரோ சொல்லும்போது அவருடைய கீழ் செட்டு வாயை விட்டு எழும்பி, உதட்டைத் தாண்டி, விரித்து வைத்த புத்தகத்தின்மேல் விழுந்தது.

சர்ச்சில் யாரும் சிரிக்கவில்லை. பாடகர் குழுவில் மட்டும் எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். சார் கைக்குட்டையை எடுத்தார். செட்டை அதில் சுற்றி ஜிப்பா பையில் போட்டார். விட்ட இடத்தில் விரலை வைத்து, கீழ்ப் பல் இல்லாமலே மீதியை வாசித்து முடித்தார். பெயர்கள் எதுவும் புரியவில்லை. ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை.

அது ஏன் விழுந்தது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

2. வெள்ளிக்கிழமை

அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது இது.

நான் வேலை பார்த்த லேப் அமானுல்லா பாயுடையது. பஜாருக்குப் பின்னால் மாடியில் ஒரே அறை. பாய் மதுரையில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். அன்றைக்கு அவர் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் பொன்னையா சார் டாக்டரின் சீட்டோடு மாடி ஏறி வந்தார். 'கீழ் செட்டு உள்பக்கம் குத்துகிறது. சற்று ராவிக் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தது.

இதில் ஒரு விஷயத்தைத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதில் தொந்தரவு கம்மி. கீழ் செட்டுக்கு ஒட்ட இடம் கிடையாது. நாக்கு ஒரு பக்கம் தள்ளும், கன்னம் ஒரு பக்கம் தள்ளும். ஓரம் சரியான நீளத்தில் இருந்தால்தான் அது இரண்டுக்கும் நடுவே உட்காரும். அதனால் குத்துகிறது என்று யாராவது வந்தால், எந்த இடம் என்று முதலில் பார்க்க வேண்டும். காப்பியிங் பென்சிலால் ஈறில் புண் இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்து, செட்டை மாட்டிக் கழற்றினால் அந்தப் பொட்டு செட்டில் பதியும். அந்த இடத்தை மட்டும் ராவ, அதாவது தேய்த்துக் குறைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. பிறகு கால் மணி நேரம் ஆளை உட்கார வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

எனக்கு ஆறு மணிக்கு சர்ச் ஹாலில் நாடக ஒத்திகை. பொட்டு வைக்கவில்லை. செட்டை வாங்கி மோட்டாரில் வைத்து உள்பக்கத்து ஓரம் முழுவதையும் ஒரே இழுப்பாக ராவிவிட்டேன். பாலிஷ் போட்டேன். கொடுத்தேன்.

"இப்போ எப்படி இருக்கு சார்?"

"வலியே இல்லப்பா. கை ராசிடா உனக்கு."

வலி எப்படி இருக்கும்? பிடித்துக்கொள்ள ஓரமே இல்லாத செட்டு எங்கேயும் குத்தாது. எனக்கு அது அப்போதே தெரியும். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்பதும் தெரியும்.

3. அசனம்

எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனப் பண்டிகை. மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், சாயங்காலம் பாட்டும் நாடகமும் நடக்கும். நாடகத்தில் எனக்கு எப்போதும் கிழவன் வேஷம். தலையில் பவுடர், கையில் கம்பு, முதுகை வளைத்து நாலு எட்டு வைத்தால் போதும், கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிடும். அந்த வருஷக் கதை, பேரனுக்குப் பெண் பார்க்கப் போகிற தாத்தா. காது கேட்காத தாத்தாவாகத்தான் முதலில் எழுதியிருந்தோம்.

சார் வாசிப்பு நடந்த அன்றைக்கு மத்தியானமே பாடகர் குழுவில் ஒருத்தன் சொன்னான்: "ஏலே தங்கராசு, காது வேணாம்லே. பல்லு விழட்டும்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

லேபில் வீணாய்ப்போன செட்டுகள் போட்டு வைக்கிற ஒரு டிராயர் உண்டு. அதிலிருந்து ஒன்றை எடுத்து, என் பல்லுக்கு முன்னால் மாட்டிக்கொள்கிற மாதிரி ராவினேன். நாக்கால் தட்டினால் குதித்து விழும். மூன்று ராத்திரி அதற்காக உட்கார்ந்தேன். சாருடைய செட்டுக்குக் கால் மணி நேரம் கொடுக்காத நான்தான்.

பண்டிகை அன்று பெண் வீட்டில் கேசரித் தட்டு நீட்டுகிற கட்டத்தில் பல் தட்டுக்குள் விழுந்தது. நான் கம்பை ஊன்றிக் குனிந்து, கண்ணை இடுக்கி, கேசரியைக் கிளறிக் கிளறித் தேடினேன். ஹால் இரண்டுபட்டது. பாஸ்டர் அம்மா சிரித்துச் சிரித்து எழுந்து வெளியே போய்விட்டார்கள். பொன்னையா சார் முதல் வரிசையில் இருந்தார். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் எஸ்தரக்கா மடியில் கை வைத்து நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்.

சாரே சிரித்துவிட்டார், பிறகென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒருவர் வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறும் அவரே வாசித்தார்.

4. பாய்

ஒரு மாதம் கழித்து எஸ்தரக்கா லேபுக்கு வந்தார். ஒரு எவர்சில்வர் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"அப்பா இத மாட்ட மாட்டேங்காக. சோறக் கொழையவிட்டுத்தான் சாப்பிடுதாக. ஒங்க பொருளு, நீங்களே வச்சுக்கோங்க பாய்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

பாய் டப்பாவைத் திறந்து கீழ் செட்டை எடுத்தார். கண்ணால் பார்க்கவே இல்லை. கட்டை விரலால் உள்பக்கத்து ஓரத்தை ஒரு தடவை தடவினார்.

"இது யாரு ராவுனது?"

நான் சொன்னேன்.

"பொட்டு வச்சியா?"

"இல்ல பாய்."

"எதுக்கு வைக்கல?"

"ஒத்திகை இருந்துச்சு."

பாய் கோபக்காரர் இல்லை. என் நாடகத்தைப் பற்றி ஊரே பேசியபோது அவரும் கேட்டுச் சிரித்தவர்தான். எப்படி விழுந்தது என்று லேபிலேயே ஒரு தடவை செய்து காட்டச் சொன்னவர். இப்போது செட்டை டப்பாவில் வைத்து மூடினார்.

"ஆக, நீயே உருவி விட்டுட்டு, விழுந்துச்சு விழுந்துச்சுன்னு நீயே சிரிச்சிருக்க. ஊரையும் கூட்டிவச்சுச் சிரிச்சிருக்க."

டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"போயி அவுககிட்டச் சொல்லு. சொல்லிட்டுப் புதுசா அளவெடுக்கக் கூட்டிட்டு வா. வரலன்னாகன்னா, திரும்பப் போ."

5. சார் வீடு

அன்றைக்கே போனேன். சார் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாய் உள்வாங்கி, முகம் சின்னதாகிவிட்டிருந்தது. எஸ்தரக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்கதவின் பக்கத்தில் நின்றார்.

நான் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பொட்டு வைக்காதது, முழு ஓரத்தையும் ராவியது, ஒத்திகைக்கு ஓடியது. தெரிந்துதான் செய்தேன் என்பதையும் சொன்னேன். நாடகத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சாரே எடுத்தார்.

"நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு எடத்துல மட்டும் தப்பு."

"என்ன சார்?"

"பல்லு விழுந்த ஒடனே நீ குனிஞ்சு கேசரிக்குள்ள தேடுன பாரு, அது தப்பு. பல்லு விழுந்தவன் பல்ல மொதல்ல தேட மாட்டான். யாரு பாத்தாகன்னு தேடுவான். தலை நிமிந்துதான் இருக்கும். கண்ணு மட்டும் ஒரு சுத்து சுத்தும். பெறகுதான் குனிவான்."

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தி, கண்ணை மட்டும் மெதுவாக இடமிருந்து வலமாக ஓட்டிக் காட்டினார். பொக்கை வாயோடு அவர் அதைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். எஸ்தரக்கா உள்ளே போய்விட்டார்.

"புது செட்டு செஞ்சு தாறேன் சார். திரும்ப வாசிக்கணும் நீங்க."

"செட்டு செஞ்சு தா. வாசிப்பு இருக்கட்டும். இப்போ வாசிக்கிறவரு நல்லாத்தான் வாசிக்காரு."

பாய் கூடவே இருந்து, ஒவ்வொரு கட்டமும் பார்த்து, புது செட்டு செய்தோம். மாட்டிக்கொண்டு ஒரு கை முறுக்குச் சாப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் இருந்தார். செட்டு கழன்றதாக ஒரு நாளும் வரவில்லை. ஆனால் வாசிக்கவும் போகவில்லை. ஞாயிறுதோறும் நாலாவது பெஞ்சில் புத்தகத்தை விரித்து, வாசிப்பவரோடு சேர்ந்து உதட்டை மட்டும் அசைப்பார். பாடகர் குழுவில் நின்று நான் அதைப் பார்ப்பேன். என் நாடகம்தான் அவர் வாயை அடைத்தது என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

6. புதுப்பட்டி

இதற்குப் பிறகு நான் அந்த நாடகத்தை விட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். விடவில்லை. நாலு மாதம் சும்மா இருந்தேன். அப்புறம் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், தீபாவளி சீசன் முடிந்து தொழிலாளர்களுக்கு விழா வைத்தார்கள். எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். போனேன்.

கேட்டில் வாச்மேன் ஒவ்வொருத்தரையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகக்கூடாது. என் சட்டைப்பையைத் தடவியவர் கையில் பல் வந்தது. கையை உதறினார்.

"என்னய்யா இது?"

"பல்லுண்ணே. நாடகத்துக்கு."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உரசுனா தீப்பிடிக்காதுல்ல?" என்று கேட்டுக் கொடுத்தார்.

அந்த மேடையில் பல் விழுந்ததும் நான் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, கண்ணை மட்டும் இடமிருந்து வலமாக ஓட்டினேன். சார் சொல்லிக் கொடுத்தபடியே. அதுவரை நான் கேட்டிராத சிரிப்பு அது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்த இடத்துக்குத்தான் கைதட்டல். சிவகாசி, சாத்தூர் பக்கமெல்லாம் என்னைப் 'பல் செட் தாத்தா' என்றே கூப்பிட்டார்கள். பதினைந்து வருஷம் போட்டேன்.

அவர் பட்டதைச் சொன்னார். நான் அதை நடிப்புக் குறிப்பாக எடுத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் சொன்னாரோ என்னவோ, இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தொழிலில் மாற்றிக்கொண்டேன். புது செட்டு மாட்டியதும் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்று, "நல்லா இருக்கா, நல்லா இருக்கா?" என்று கேட்பது லேபில் வழக்கம். நான் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம். உள்ளே அவர்கள் என்ன முகம் வேண்டுமானாலும் காட்டிப் பார்க்கட்டும். ஒரு தடவை, ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த ஒரு அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "தம்பி, பல்லு அம்புட்டும் ஒரே வெள்ளையா இருக்கே. என் மூஞ்சிக்கு இது எடுபடாது. கொஞ்சம் மங்கலாப் போட்டுக் குடுங்க." எதிரில் நின்றிருந்தால் அவர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இதை லேப் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

7. ஒவ்வொன்றாக

கிழவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒரேயடியாக நிற்பதில்லை. எனக்கு ஒவ்வொன்றாகத்தான் நின்றது.

எனக்கு நாற்பத்தெட்டு வயதானபோது என் அம்மாவுக்கு ஞாபகம் போனது. என்னைப் பார்த்து, "தங்கராசு வந்தா சாப்பிடச் சொல்லுங்க" என்பார்கள். அதற்குப் பிறகு மறதிக்காரத் தாத்தா ஜோக்கு டிவியில் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். ஆனால் செவிட்டுத் தாத்தா வந்தால் அப்போதும் சிரித்தேன். பிறகு என் மனைவி பியூலாவுக்குக் காது மந்தமானது. நான் ஒன்று கேட்க அவள் ஒன்று சொல்லுவாள், முதல் வருஷம் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் பக்கத்து வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அந்த ஜோக்கும் போனது.

பல் ஜோக்கு மட்டும் கடைசி வரை இருந்தது. பல் என் தொழில் இல்லையா. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு அறுபத்து மூன்றில் என் பல் முழுவதையும் எடுத்தார்கள். எனக்கான செட்டை நானே செய்துகொண்டேன். முதல் நாள் 'ச' வராமல் விசில் அடித்தது. நாற்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு வாரம் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். பியூலா கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான் காது கேக்காதே, தைரியமாப் படிங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க நாங்கள் நன்றாகச் சிரித்தோம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு.

8. முதியோர் ஞாயிறு

போன வருஷம் எங்கள் சர்ச்சில் முதியோர் ஞாயிறு கொண்டாடினார்கள். அறுபது தாண்டியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். வாலிபர் குழுவை நடத்துகிற ஜெனிபர் என்ற பெண் என்னிடம் வந்தாள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருக்கிறாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும்.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்துல தாத்தா காமெடி போடுவீங்களாமே. எங்க அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க. இந்தத் தடவை போடுங்களேன்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. வேஷத்துக்குப் பவுடர் தேவையில்லை. ஆசையாகவும் இருந்தது. ஒத்துக்கொண்டேன். பேரனாகவும் பெண் வீட்டாராகவும் வாலிபர் குழுவில் நாலு பேர். பழையபடி கேசரித் தட்டில் விழுவதற்கு ஒரு பொய்ப்பல்லைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேடை ஏறினதும் முன்வரிசையைப் பார்த்தேன். நடுவில் எஸ்தரக்கா, சால்வையோடு, வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு. எழுபத்திரண்டு வயது. அவர் வருவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை. ஒரே சர்ச்சில் இத்தனை வருஷம் இருக்கிறோம். நல்லது பொல்லாதது எல்லாவற்றுக்கும் போக வர இருக்கிறோம். அந்த நாடகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசினதில்லை.

வாய் காய்ந்துவிட்டது. கீழ் செட்டு எச்சிலில்தான் உட்காரும். வாய் காய்ந்தால் எப்பேர்ப்பட்ட செட்டும் எழும்பும். இது எனக்குத் தெரியாதா? முதல் வசனத்தை எடுத்தேன். கேசரி வரவில்லை, தட்டு வரவில்லை. என்னுடைய சொந்தக் கீழ் செட்டு வாயிலிருந்து வந்து மேடைப் பலகையில் விழுந்து இரண்டு தடவை குதித்தது.

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. இருபத்தேழு வயதில் பொய்ப்பல் விழுந்தபோது ஹால் இரண்டுபட்டது. அறுபத்தெட்டில் நிஜமாகவே விழுந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் ஒரு பெண், "ஐயோ பாவம்" என்றது எனக்கே கேட்டது. ஜெனிபர் பக்கவாட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இன்னொருத்தன் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தான். பேரன் வேஷம் போட்டவன் என் அக்குளில் கை கொடுத்துத் தாங்கினான்.

"உக்காருங்க அங்கிள். ஒண்ணும் இல்ல. மெதுவா. மூச்சு நல்லா விடுங்க."

எனக்கு மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. "நாடகத்த நடத்துங்கம்மா" என்றேன். கீழ்ப் பல் இல்லாத வாயில் அது என்னவோ மாதிரி வந்தது.

"என்ன வேணுமாம்?" என்று ஜெனிபர் மற்றவனிடம் கேட்டாள்.

"நாத்தம் அடிக்குதுங்காரு. ஜன்னலத் தொறக்கணுமாம்" என்றான் அவன். ஒருத்தன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. எஸ்தரக்கா. வாயைப் பொத்தவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கு அது தொற்றியது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும். சால்வை போட்ட வரிசை முழுவதும் சிரித்தது. "ஃபேனையும் போட்டு விடுங்க" என்று ஒருவர் சொன்னார். "ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சா?" என்றார் இன்னொருவர். பின்னால் இருந்த நடுவயதுக்காரர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டு, ஒருத்தன் பேப்பரால் விசிறிக்கொண்டிருக்க, நானும் பாதிப் பொக்கை வாயோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். கேசரிக் கட்டத்துக்கு நாங்கள் போகவே இல்லை.

9. பந்தியில்

சாப்பாட்டுப் பந்தியில் எஸ்தரக்காவுக்கு எதிரே எனக்கு இடம் கிடைத்தது. செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிபர் பரிமாறிக்கொண்டே வந்தவள் எங்கள் பக்கத்தில் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"உதவிதானே ஆன்ட்டி பண்ண வந்தேன். என்னப் பாத்து எதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க?"

எஸ்தரக்கா இலையில் இருந்து கையை எடுத்தார்.

"ஒன்னப் பாத்துச் சிரிக்கலம்மா. என்னப் பாத்துத்தான் சிரிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கராசு, எங்கப்பாவ வாசிக்கப் போக வேணாம்னு நிப்பாட்டுனது நான்தான். உனக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. நாடகம் போட்டதுனாலன்னு..."

"நாடகத்துக்கு அவுக நெசமாத்தான் சிரிச்சாக. வீட்டுக்கு வந்தும் சிரிச்சாக. எனக்குத்தான் பொறுக்கல. இனிமே அங்கன போயி நிக்காதீகப்பா, கை நடுங்குது, கண்ணு தெரியல, பல்லு நிக்கலன்னு நூறு காரணம் சொன்னேன். புது செட்டு வந்த பெறகு ரெண்டு தடவ கேட்டாக. 'எஸ்தரு, இப்போ நல்லா நிக்கு, போகட்டா?'ன்னு. நான் விடல. யாரும் அவுகளப் பாத்துச் சிரிச்சிறக் கூடாதுன்னு அம்புட்டுக் கவனமா இருந்தேன். ஆஸ்பத்திரில எல்லாருக்கும் நாற்காலி போட்டுப் போட்டு, எங்கப்பாவுக்கும் நாற்காலியப் போட்டு உக்கார வச்சுட்டேன். இன்னைக்கு இந்தப் புள்ள நாற்காலியத் தூக்கிட்டு ஓடி வந்துச்சே, அப்படியே நான்தான்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நாற்பது வருஷமாக அது முழுக்க என் தப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது பாதி இறங்கியதா என்றால், இல்லை. ஓரத்தை ராவியது நான்தான். ஆனால் சார் வீட்டுக்கு வந்தும் சிரித்தார் என்பது எனக்கு வேண்டியிருந்தது. அதை ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்கவில்லை. நானும்தான் அவரிடம் போய் நாடகத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பந்தியில் கேட்டேன். "போடா" என்றார்.

ஜெனிபர் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டே இருந்தாள். பாதிதான் புரிந்திருக்கும்.

"அப்போ மறுபடி அங்கிளுக்குப் பல்லு விழுந்தா நான் என்னதான் ஆன்ட்டி செய்யணும்?"

"எடுத்து, கழுவி, கையில குடு. பெறகு போயி உன் எடத்துல உக்காந்து, அவுக என்ன சொல்ல வாறாகன்னு கேளு" என்றார் எஸ்தரக்கா. "இப்போ கொஞ்சம் சாம்பார் ஊத்து."